நூற்றொரு ரிங்கிட்

என் மனைவியின் முழங்கால் குணமானதிலிருந்துதான் என் தொல்லை ஆரம்பித்தது.

முழங்கால் வலித்துக்கொண்டிருந்தவரை அவர் மாடி ஏறமாட்டார். மாடியில் என் அறையும், என் கோப்புகளும், நானும் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் அவர் யோகா வகுப்பில் சேர்ந்தார். ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில், மின்விசிறியும் விளக்கும் விற்கிற ஒரு கடையின் மேல்மாடியில் அந்த வகுப்பு. நான்கே மாதத்தில் படிகளைக் கைப்பிடி தொடாமல் ஏறி வந்து, என் அறை வாசலில் நின்று, "ஏங்க, சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மின்கட்டண ரசீதுகளை ஆண்டு வாரியாகத் துளையிட்டுக் கோத்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். கடைசிப் பதினாறு ஆண்டுகள் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அதிகாரி. சரிபார்ப்பது என்றால் திருப்பி அனுப்புவது. ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்புவதற்கு ஒன்றும் வருவதில்லை. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர். அப்பா நில அலுவலகத்தில் இருந்தார். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் யாரும் எதையும் விற்றுப் பிழைத்ததில்லை. விற்றுப் பிழைப்பவர்களின் விண்ணப்பப் பாரங்களில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தே பிழைத்தோம்.

"எங்க டீச்சருக்கு பேங்க் விசயமா ஒரு உதவி வேணும். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்," என்றார் மனைவி.

கேட்காமலே வரச் சொல்லிவிட்டார். இது நவம்பர் மாதம்.

டீச்சர் மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வந்தார். நாற்பது வயதுக்கு ஓரிரண்டு கூட இருக்கலாம். பொந்தியானில் பிறந்தவர். கணவர் செனாயில் லாரி ஓட்டுகிறார். இரண்டு பெண்கள் பள்ளியில் படிக்கிறார்கள். டீச்சர் பதினொரு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அதிகாலை நான்கு மணி பஸ், எல்லைப் பாலத்தில் வரிசை, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, மறுபடி பாலத்தில் வரிசை. முதுகு போனது. முதுகுக்காக யோகா கற்றுக்கொண்டார், அது பிடித்துப்போய்ச் சான்றிதழ் வாங்கினார், வேலையை விட்டார். ஐந்து ஆண்டுகளாக வகுப்பு நடத்துகிறார். என் மனைவியை அக்கா என்பார், என்னை அங்கிள் என்பார். உறவுமுறைப்படி இது சாத்தியமில்லை என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

அவருடைய சிக்கல் எளிமையானது. அந்த மேல்மாடி அவர் பெயரில் இல்லை. ஒரு பரதநாட்டிய ஆசிரியை வாடகைக்கு எடுத்து, காலை நேரத்தை மட்டும் இவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஆசிரியை வரும் ஜூலை இறுதியில் கோலாலம்பூருக்குக் குடிபெயர்கிறார். கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்: டீச்சர் தன் பெயரில் ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், ஆக ஏழாயிரத்து எழுநூறு. ஜூலை முப்பத்தொன்றுக்குள் கைக்கு வராவிட்டால் ஒரு டியூஷன் நிலையம் காத்திருக்கிறது. இதைத் தவிர, நாட்டிய ஆசிரியையின் மாணவிகள் குதித்துக் குதித்துப் பெயர்த்த தரைப்பலகையையும் மாற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்குமாகப் பத்தாயிரம் கடன் கேட்கலாம் என்பது அவர் எண்ணம்.

"கிடைக்கலைன்னா?" என்று கேட்டேன். கடன் கேட்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

"பழைய சூப்பர்வைசர் இடம் வச்சிருக்காங்க அங்கிள். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி பதில் சொல்லணும். மறுபடியும் நாலு மணி பஸ்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கை மட்டும் தானாக இடுப்புக்குப் பின்னால் போய் முதுகைப் பிடித்துக்கொண்டது.

"நாங்க பொம்பளைங்க ஆளாளுக்குப் போட்டுப் பாத்துக்கறோமே," என்றார் மனைவி.

நான் அவருக்கு ஒரு சிறு விளக்கம் அளித்தேன். இப்படிப் பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வதற்குக் கூட்டு என்று பெயர். அது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதைப் பற்றிய எச்சரிக்கையை என் கிளையின் கதவில் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். ஒரு தொழில் என்றால் முறைப்படி வங்கிக்குப் போவதுதான் அழகு. மனைவி மறுத்துப் பேசவில்லை. தேநீர் போட உள்ளே போனார். முப்பத்தேழு ஆண்டு மணவாழ்க்கையில் அவர் மறுத்துப் பேசாத நேரங்களைக் குறித்து நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

டீச்சரின் பையைத் திறந்தேன். ஒரே சேமிப்புக் கணக்கு. அதில் வகுப்புக் கட்டணம், லாரிக்கு டயர், மகளின் பள்ளிப் பேருந்து, கோயில் அன்னதானம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வரவுகளைப் பார்த்தேன். நூற்று ஒன்று. நூற்று ஒன்று. ஐம்பத்து ஒன்று. நூற்று ஒன்று.

"இந்த ஒரு ரிங்கிட் என்ன, பேங்க் சார்ஜா?"

"இல்லீங்க அங்கிள். ஃபீஸ் நூறுதான். அவங்கதான் நூத்தியொண்ணு போடுவாங்க."

"எதுக்கு?"

"நூறுன்னு குடுத்தா அதோட முடிஞ்சமாதிரி இருக்குமாம். ஒண்ணு சேத்தா மேல மேல வருமாம்."

"கல்யாண மொய்யா எழுதுறாங்க?"

"குருவுக்கு மொட்டையா நூறு எப்படிங்க குடுக்கிறது?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ரசீது எவ்வளவுக்குக் குடுக்கிறீங்க? நூறுக்கா, நூத்தியொண்ணுக்கா?"

டீச்சர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரசீதா?" என்றார்.

எனக்கு உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. இத்தனை குறைகளை ஒரே மேசையில் நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது. ஜூலைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, முறைப்படி போனால் ஆறரை மாதத்தில் முடியும் என்று சொல்லி, ஒரு புதுக் கோப்பை எடுத்து மேலே தலைப்பு எழுதினேன்.

முதலில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. யோகா என்று ஒரு வகை என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. உடல் நலம் என்று தேடினால் மசாஜ் நிலையம் வந்தது. டீச்சர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்து, "அலமாக்! அங்கிள், அது வேணாம் அங்கிள், ஊரே சிரிக்கும்," என்றார். ஆன்மிகம் என்று தேடினால் சமய அமைப்புகளுக்குப் போயிற்று. அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். கடைசியில் விளையாட்டுப் பயிற்சி என்று பதிந்தோம். நீச்சலுக்கும் பூப்பந்துக்கும் நடுவில் என் மனைவியின் முழங்கால் இடம் பெற்றது.

அடுத்தது நகராண்மைக் கழக உரிமம், பெயர்ப் பலகைக்கு உரிமம், பலகையில் மலாய் எழுத்தின் அளவு. அதற்கு அடுத்தது சாப். ரப்பர் முத்திரையை இங்கே சாப் என்போம். ஒரு தொழில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அலுவலக முகப்புகளில் இருப்பவர்கள் வேறு அத்தாட்சியை நம்பி நான் பார்த்ததில்லை. உரிமையாளர் அடையாள அட்டையோடு நேரில் நின்றுகொண்டு, கையெழுத்தும் போட்டு, கட்டைவிரலையும் வைத்தாலும், "சாப் எங்கே?" என்பார்கள். அந்தச் சாப்பைக் கடையில் பதினெட்டு ரிங்கிட் கொடுத்தால் யார் பெயருக்கும் அரை மணி நேரத்தில் செய்து தருகிறார்கள். இதைப் பற்றி வேலையில் இருந்தபோது ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். குறிப்பில் கிளையின் சாப் இல்லை என்று திரும்பி வந்தது.

டிசம்பர் கடைசியில் தொழிற்கணக்கு திறந்தோம். திறப்பதற்கு நான் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. டீச்சர் வியாழன் என்றார். முதல் வைப்புத் தொகை ஐந்நூறு போதும் என்றேன். ஐந்நூற்றொன்று கட்டினார். முகப்பில் இருந்தவர் அந்த ஒரு ரிங்கிட்டைத் தவறி வந்ததென்று திருப்பிக் கொடுத்தார். டீச்சர் மறுபடி தள்ளினார். இரண்டு தடவை அது கண்ணாடிக்குக் கீழே போய் வந்தது. மூன்றாவது தடவை நான் தலையிட்டு, ஐந்நூற்றொன்றுக்கே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

கடனுக்கு ஆறு மாதக் கணக்கு அறிக்கை காட்ட வேண்டும். இனிக் கட்டணம் முழுவதும் புதுக் கணக்குக்கு வர வேண்டும், ரசீதும் வரவும் பொருந்த வேண்டும். ஆகவே வகுப்பின் கைப்பேசிக் குழுவில் போடுவதற்கு ஓர் அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். 'ஒவ்வொருவரும் நூறு ரிங்கிட்டை மட்டும், கூடுதலோ குறைவோ இன்றி, முதல் வாரத்துக்குள் செலுத்தவும். நூற்று ஒன்றாக அனுப்பப்படும் தொகை ஏற்றுக்கொள்ளப்படாது.' கண்டிப்பான, குழப்பமில்லாத வாசகம்.

வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள். சொன்ன சொல் தவறாமல் இருபத்திரண்டு பேரும் ஜனவரி முதல் வாரத்தில் நூறு ரிங்கிட் அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு, தனியாக ஒரு ரிங்கிட்டும் அனுப்பினார்கள்.

"மட்டும்னுதானே எழுதினேன்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நூறு மட்டும்தான் அனுப்பினோம். அது வேற, இது வேற."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசீது பொருந்துகிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் முடிந்தது. ஆறு மாத வங்கி அறிக்கை, உரிம நகல்கள், ரசீதுக் கட்டைகள், வருமான வரிப் பாரம், எல்லாவற்றிலும் சாப். கோப்பு நான்கு விரற்கடை தடிமன். ஜூலை முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட கடன் அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும், மிகுந்த மரியாதை. நான் முன்னாள் வங்கிக்காரன் என்று சொன்னதும் அவர் முகம் லேசாக வாடியதை நான் கவனித்தேன். எங்களைப் போன்றவர்களை நானும் அப்படித்தான் வரவேற்றிருப்பேன்.

ஒரு வாரத்தில் அழைத்தார். கணக்கில் ஒரு ரிங்கிட் வரவுகள் நூற்று முப்பத்திரண்டு இருக்கின்றனவாம். வெவ்வேறு ஆட்களிடமிருந்து, ஒவ்வொரு மாதமும். மேலிடம் விளக்கம் கேட்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. மோசடிக் கும்பல்கள் ஒரு கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு ரிங்கிட் அனுப்பிப் பார்ப்பதுண்டு. அப்படிப்பட்ட வரவுகளைக் கண்டால் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையை என் கிளையில் உரக்கப் படித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவன் நான்தான். டீச்சர் நூற்று ஒன்றாகவே வாங்கிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். நூறையும் ஒன்றையும் பிரித்து வைத்தது என் அறிவிப்பு.

தமிழர்கள் பூஜ்யத்தில் முடியும் தொகையை ஏன் கொடுப்பதில்லை என்று மலாயில் இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால் வாடிக்கையாளர்கள் விலையைவிட அதிகமாகத் தாங்களே கொடுக்கிறார்களா, ஐயா? யாரும் கேட்காமல்?" ஆமாம் என்றேன். அவர் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். கடன் பிரிவில் அப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்திருக்க மாட்டார்.

கடிதத்துக்கே ஆறு நாள் போயிற்று. அடுத்தது நேரடிப் பார்வை. தொழில் உண்மையில் நடக்கிறதா என்று அதிகாரி வந்து படம் எடுத்துப் போக வேண்டும்.

நேரத்தைக் குறிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். வகுப்பு காலை ஒன்பது முதல் பத்தேகால் வரை. நம் பெண்கள் ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பது மணிக்கு வீட்டுக் கதவைப் பூட்டுவார்கள். பாதிப் பேர் மட்டும் இருக்கும்போது அதிகாரி வந்தால் தொழில் மெலிவாகத் தெரியும். கடையைப் பார்க்கக் கூட்டம் நிறைந்த நேரத்தில் போ என்பது எங்கள் துறையின் பாலபாடம். ஆகவே பத்து ஐந்துக்கு வரச் சொன்னேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த வகுப்பின் உள்ளே ஒருநாளும் போய்ப் பார்த்ததும் இல்லை.

பத்து ஐந்துக்கு அதிகாரியை அழைத்துக்கொண்டு படியேறிக் கதவைத் திறந்தேன். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. அரை இருட்டில் இருபத்திரண்டு பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். சிலர் கண்மேல் கைக்குட்டை. சிலர் கழுத்துவரை துப்பட்டாவைப் போர்த்தியிருந்தார்கள். எல்லோருடைய பாதங்களும் எங்களை நோக்கி இருந்தன. டீச்சர் நடுவில் அமர்ந்து, "கால் விரல்லாம் தூங்குது… முட்டி தூங்குது… தொடை தூங்குது…" என்று தாலாட்டுப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்தில் ஒருவர் குறட்டை விட்டார். எனக்குப் பழக்கமான குறட்டை.

அதிகாரி என் சட்டைக் கையை மெல்லத் தொட்டு, "பக்சிக், இவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?" என்று மலாயில் கிசுகிசுத்தார். இவருக்கும் நான் அங்கிள்தான்.

நான் நுனிக்காலில் டீச்சரிடம் போனேன். "கொஞ்சம் எழுப்புங்க. ஆபீசர் வந்திருக்காங்க."

"சவாசனம் அங்கிள். எழுப்பக்கூடாது."

"அஞ்சு நிமிசத்துக்கு வேற ஏதாச்சும் செய்யச் சொல்லுங்களேன். கையைத் தூக்குறமாதிரி."

"இதுதான் அங்கிள் முக்கியமே. கடைசிப் பத்து நிமிசம். நீங்க என்ன இப்பக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"இடுப்பு தூங்குதுன்னு சொல்லவே இல்லையே டீச்சர்," என்று கண்ணை மூடியபடியே ஒரு குரல் கேட்டது.

டீச்சர் உதட்டின்மேல் விரல் வைத்தார். அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதிகாரிக்குப் பத்தரைக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது, காத்திருக்க முடியாது. விதிப்படி நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு படங்கள் எடுத்தார். கிளம்பும்போது காலணி ஓசை கேட்காமல் அவரும் நுனிக்காலில்தான் நடந்தார்.

மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. அதிகாரி அதை எனக்குப் படித்துக் காட்டினார். 'படங்களில் தொழில் நடவடிக்கை எதுவும் காணப்படவில்லை. அங்கிருப்போர் உறங்குகின்றனர். இது தங்கும் விடுதியா என்று தெளிவுபடுத்தவும். ஆம் எனில், உரிம வகை பொருந்தவில்லை.'

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியிருக்க மாட்டேன். வேலையில் இருந்திருந்தால் தீயணைப்புத் துறைச் சான்றிதழையும் கேட்டிருப்பேன்.

இரண்டாம் பார்வைக்கு ஜூலை இருபத்தேழுதான் கிடைத்தது. இம்முறை ஒன்பதே காலுக்கு. எதிர்பார்த்தபடி பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். நான் நடுவில் நின்று, முன்வரிசையை அடைக்கச் சொல்லி, உயரமானவர்களைப் பின்னால் அனுப்பி, ஜன்னலைத் திறக்கச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். டீச்சர் அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அங்கிள், உள்ள நின்னா பாயில நில்லுங்க. இல்லேன்னா வெளிய நில்லுங்க."

"டீச்சர் சொல்றாங்கல்ல?" என்றார் என் மனைவி, ஒற்றைக் காலில் நின்றபடி.

எண்ணிக்கைக்கு ஓர் ஆள் கூடுதல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு பாயில் ஏறினேன். நீள்கால்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எல்லோரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அந்த நொடியில் படம் எடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன், ஒரு விண்ணப்பத்தின் பின்னிணைப்பாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் இன்றும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது.

"இனிமேல் பதினான்கு வேலை நாள்தான் ஆகும்," என்று அதிகாரி மகிழ்ச்சியோடு சொன்னார்.

முப்பதாம் தேதி கட்டடச் சொந்தக்காரரைக் கூப்பிட்டேன். நகரத்தார் குடும்பம், அப்பா காலத்திலேயே வாங்கிப் போட்ட கடை வரிசை. அவரே ஒரு கணக்காய்வாளர். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று வங்கியிலிருந்து கடிதம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"ஐயா, நீங்க பெரியவங்க. கடுதாசி நல்லா இருக்கும், இல்லேன்னு சொல்லல. அந்த டியூஷன்காரர் ஆறு மாச அட்வான்ஸைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரே? அந்தம்மா நல்லவங்க, அதனாலதான் இத்தனை நாள் பொறுத்தேன். நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணி, அவ்வளவுதான்."

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. ஒரு நிரந்தர வைப்பு அக்டோபரில் முதிர்கிறது. இப்போதே உடைத்தால் எவ்வளவு வட்டி போகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வகையில் போட்டுப் பார்த்து, மூன்றாவது வகையை ஆரம்பித்திருந்தபோது வாசலில் டீச்சரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

கோப்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். "ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க அங்கிள். சாப்பையும் உள்ள வச்சிருக்கேன். பேங்க்ல ஒண்ணும் சொல்லாதீங்க, அந்த மேடம் பாவம். நாளை மறுநாள் சூப்பர்வைசருக்குச் சரின்னு சொல்லிடலாம்னு…"

"உக்காரும்மா," என்றார் மனைவி.

அடுப்படிப் பக்கம் போனார். சாமான் அறையின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு தடித்த டைரி இருந்தது. நீல அட்டை, அதன்மேல் என் பழைய வங்கியின் பொன்னிறச் சின்னம். ஒவ்வொரு ஆண்டும் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவேன். ஓய்வுக்குப் பிறகும் மரியாதைக்கு ஒன்று அனுப்புகிறார்கள். சமையல் குறிப்பு எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். டைரியோடு ஓர் உறையையும் டீச்சர் முன்னால் வைத்தார்.

"இந்த மாசக் கூட்டு உனக்கு. ஏழாயிரத்து ஐந்நூறு. மிச்சத்தைப் போட்டுக்க."

"அக்கா, இந்த மாசம் நாலாம் வீட்டு அக்காவோட முறையாச்சே?"

"அவகிட்ட பேசிட்டேன். வாஷிங் மெஷின் ஒரு மாசம் கழிச்சுத் துவைச்சா துணி ஓடியா போயிடும்னா."

நான் மெல்ல, "என்ன கூட்டு?" என்று கேட்டேன்.

"காதுல விழுந்துச்சுல்ல?"

"எத்தனை நாளா?"

"பதினோரு வருசமா."

"இந்த வீட்டிலயா?"

"பின்ன, உங்க பேங்க்லயா?"

"இது சட்டப்படி குற்றம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வருசம் தவறாம நீங்கதானே சொல்றீங்க. தெரியாம எப்படி இருக்கும்?"

டீச்சர் உறையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கமாட்டார், எழுந்து போயிருப்பார். அது எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வாசகமும் எனக்கு மனப்பாடம். கதவில் ஒட்டியவன் ஆயிற்றே. வாசகத்தை நினைத்தேன். அவருடைய கை முதுகுக்குப் பின்னால் போயிருப்பதையும் பார்த்தேன்.

டைரியை எடுத்துப் பிரித்தேன். பழக்கதோஷம். இருபத்தைந்து பேர், மாதம் முந்நூறு. யார் கொடுத்தார், எந்தத் தேதி, யார் எடுத்தார், ஏன் முறை மாற்றிக்கொண்டார்கள், எல்லாம் சிறு எழுத்தில். ஒரு பெண் கணவரின் அறுவைச் சிகிச்சைக்கு முறை மாறி எடுத்திருந்தார். இன்னொருவர் மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு. அடித்தல் திருத்தல் இல்லை. நிலுவை இல்லை. ஒருவரும் விட்டுவிட்டு ஓடவில்லை. என் கிளையில் பதினாறு ஆண்டுகளில் இப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை.

"ரசீது இல்லையே?" என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது.

"யாருக்கு ரசீது? எல்லாரும் இதே தாமான்லதானே இருக்காங்க?"

நான் டைரியை மூடி உறையின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து டீச்சர் பக்கம் தள்ளினேன். பிறகு டைரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். மனைவி கேட்பதற்கு முன்.

மறுநாள் மாலை நான்கரைக்குக் கட்டடச் சொந்தக்காரரின் அலுவலகத்தில் இருந்தோம். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவர் பணத்தை எண்ணினார். ஏழாயிரத்து எழுநூறுக்கு மேல் ஒரு ரிங்கிட் இருந்தது. எதற்கென்று அவர் கேட்கவில்லை. அந்த ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தனியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விளக்கக் கடிதம் தேவைப்படவில்லை.

"பரவாயில்லையே ஐயா! நேத்துத்தான் நாளாகும்னீங்க. அதுக்குள்ள உங்க பேங்க் குடுத்திடுச்சே?"

"சில கிளைகள்ல வேலை வேகமா நடக்கும்," என்றேன்.

டீச்சர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வங்கியின் ஒப்புதல் வந்தது. பத்தாயிரத்துக்குப் பதில் ஐயாயிரம். நிபந்தனைகள் ஒன்பது. அவற்றில் நான்காவது: வாடிக்கையாளர்கள் கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்த வேண்டும்; தனியான ஒரு ரிங்கிட் வரவுகள் தவிர்க்கப்பட வேண்டும். டீச்சர் தரைப்பலகைக்கு ஆகட்டும் என்று கையெழுத்திட்டார். அதிகாரி அவரே கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். சனிக்கிழமை வகுப்பு உண்டா, தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது என்றும் விசாரித்தார்.

நிபந்தனையைக் குழுவில் அறிவித்தோம். இருபத்திரண்டு பேரும் பழையபடி நூற்று ஒன்று அனுப்ப ஆரம்பித்தார்கள். ரசீதை நூற்று ஒன்றுக்கே எழுதச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பரிலிருந்து நானும் போகிறேன். படத்தில் இருப்பவர் வகுப்பில் இல்லாவிட்டால் அது பொய் ஆவணம் ஆகிவிடும் என்று மனைவி சொன்னார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. சவாசனத்தில் எனக்கு இதுவரை தூக்கம் வந்ததில்லை. கால் விரல் தூங்குகிறது என்று டீச்சர் சொல்லும்போது, தூங்குகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு கிடப்பேன்.

முதல் மாதக் கட்டணமாக நூறு ரிங்கிட் அனுப்பினேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. மாத முடிவில் டீச்சரின் வங்கி அறிக்கையை வழக்கம்போல நான்தான் சரிபார்த்தேன். நூற்று ஒன்றுகள் வரிசையாக இறங்கி வந்தன. நடுவில் ஒரே ஒரு நூறு, என்னுடையது. அதற்கு நேர் கீழே, இரண்டு நிமிடம் கழித்து, நிபந்தனை நான்கை மீறி, என் மனைவியின் கணக்கிலிருந்து ஒரு ரிங்கிட் வந்திருந்தது.